பனியில் நடப்பவரின் குரல்

பத்திரிகையில் ‘ஆசிரியருக்குக் கடிதங்கள்’ பகுதியைச் சில ஆண்டுகள் கவனித்தவன் நான். வீதி விளக்கு எரியவில்லை, வடிகால் துப்புரவு செய்யப்படவில்லை என்று எழுதியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களுமே. அந்த வடிகாலின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களிடமிருந்து ஒரு கடிதமேனும் வந்ததாக எனக்கு நினைவில்லை. 2025 பெப்ரவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவிலுள்ள என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, வராமற்போன அந்தக் கடிதங்களை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

அம்மாதம் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து வீசிய புயல்களால் 50 சென்ரிமீற்றருக்கும் மேலாகப் பனி கொட்டியது. நகரின் 311 தொலைபேசிச் சேவையில் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் குவிந்தன. பனி அகற்றும் பணியை மீளாய்வு செய்ய வேண்டுமென மேயர் ஒலிவியா சௌவே கேட்டுக்கொண்டார்.

மக்கள் பேசினால் பயன் உண்டு என்பதற்கு அந்நகரே சான்று. முன்பு பழைய நகர மையத்தில் வீட்டுக்கு முன்னுள்ள நடைபாதையை வீட்டுக்காரரே துப்புரவு செய்ய வேண்டும். முதியோருக்காகவும் சக்கர நாற்காலியில் செல்வோருக்காகவும் நெடுங்காலம் எழுந்த கோரிக்கைகளின் பின்னர், 2021இல் மாநகரசபை ஏறக்குறைய எல்லா நடைபாதைகளையும் தானே இயந்திரத்தால் துப்புரவு செய்யத் தீர்மானித்தது.

ஆனால், பேசுபவர் யார்? என் தங்கை விடியுமுன் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குச் செல்பவள். வீதியை வழிக்கும் இயந்திரம் பனியை ஓரத்துக்குத் தள்ளும். பஸ்ஸுக்குக் காத்திருப்போர் நிற்பதும் அந்த ஓரத்தில்தான். “311க்கு எடுத்துச் சொல்லலாமே” என்றேன். “இதுக்கெல்லாம் ஆர் அண்ணை எடுத்துக் கதைக்கிறது? எனக்கு வேலைக்குப் போகவே நேரம் காணாது” என்றாள். தமிழிலும் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் துணை உண்டு என்பதை அவள் அறிந்திருக்கவில்லை.

முறைப்பாடுகளின் தொகை எங்கே பனி கிடக்கிறது என்பதை முழுமையாகக் காட்டாது. எங்கே முறையிடத் தெரிந்தவர்கள் வாழ்கிறார்கள் என்பதையே காட்டும். அதை மட்டும் வைத்து முன்னுரிமை வகுத்தால், ஏற்கனவே கேட்கும் குரலே இன்னும் உரத்துக் கேட்கும்.

சுவீடனின் கார்ல்ஸ்கோகா என்ற சிறுநகர் 2010களின் தொடக்கத்தில் வேறொரு கேள்வியைக் கேட்டது: யார் எப்படிப் பயணம் செய்கிறார்கள்? அங்கு பெருவீதிகள் முதலிலும் நடைபாதைகள் இறுதியிலும் துப்புரவாகி வந்தன. கார் ஓட்டியவர்களில் ஆண்கள் அதிகம். நடந்தும் பஸ்ஸிலும் சென்றவர்களில் பெண்கள் அதிகம். சில அங்குலப் பனியில் கார் ஓடிவிடும். குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்வது பெரும்பாடு. எனவே நடைபாதைகளுக்கும் பாலர் பாடசாலை வழிகளுக்கும் அங்கே முன்னுரிமை கொடுக்கப்பட்டது. முறைப்பாட்டை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த உண்மை புலப்பட்டிருக்காது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஸ்ரொக்ஹோம் நகரும் இவ்வழியைப் பின்பற்ற முனைந்திருந்த வேளையில், 2016 நவம்பரில் கொட்டிய பெரும் பனியால் போக்குவரத்து முடங்கியது; கொள்கையே ஏளனத்துக்குள்ளானது. அம்புலன்ஸும் பஸ்ஸும் ஓட வீதி திறந்திருக்க வேண்டும் என்பது நியாயமே. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் பஸ் ஓடினால் மட்டும் போதாது. அதில் ஏற வருபவர் தரிப்பிடம்வரை விழாமல் வந்துசேரவும் வேண்டும்.

ஆகவே, மக்கள் கருத்தைக் கேட்கும் எந்த நகரசபையும் வினாக்கொத்தை வெளியிட்டுவிட்டுக் காத்திருக்கலாகாது. அதிகாலை ஐந்து மணிக்குப் பஸ் தரிப்பிடத்துக்குச் சென்று கேட்க வேண்டும். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து வருவோர் எங்கே விழுந்தார்கள் என்று வைத்தியசாலைகளில் விசாரிக்க வேண்டும். பஸ் சாரதிகளைக் கேட்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த அம்மம்மாவிடம் தமிழில் கேட்க வேண்டும்.

எம்மவர்க்கும் ஒரு வார்த்தை: வரி செலுத்துபவர் முறையிடுவது பிச்சை கேட்பதாகாது. நான் நாடு திரும்புமுன் தங்கையின் கைத்தொலைபேசியில் 311 என்ற இலக்கத்தைப் பதிந்து கொடுத்தேன். அவள் அழைப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவள் அழைக்காவிட்டாலும் அந்தத் தரிப்பிடத்தில் அவள் நிற்கிறாள் என்பதை நகரம் அறிந்திருக்க வேண்டும்.