ஒரு சீசன் ஒப்பந்தமும் வேலைதான்
காவிரிப் படுகைக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் வங்கிகள், ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஆட்டக்காரர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் முன்வைப்பது:

வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஒருவன் கிளம்பினால், ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய், பர்மிட் எத்தனை வருஷம், சம்பளம் கையிலா பேங்கிலா என்று டீக்கடையிலேயே விசாரித்துவிடுவார்கள். அதே தெருவில் ஆறடி ஐந்தங்குலப் பையன் ஒருவன் வெளிநாட்டு கிளப்பில் பந்தாடக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் மாலை வருகிறது, ஃபிளெக்ஸ் வருகிறது. ஒப்பந்தத்தைக் கொண்டு வா பார்க்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. அவனும் பிழைக்கப் போகிறவன்தான். அந்த உண்மையை அரசு ஏட்டில் ஏற்றுங்கள் என்பதே எங்கள் கோரிக்கைகளின் அடிப்படை.

நட்சத்திரங்களுக்காக நாங்கள் பேசவில்லை. 2015இல் என்பிஏ ஆட்டக்காரர் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக சத்னாம் சிங்கை எடுத்ததை நாடே கொண்டாடியது. எங்கள் கவலை அம்ரித்பால் சிங் போன்றவர்களின் பாதையைப் பற்றியது. பஞ்சாப் விவசாயக் குடும்பம்; பதின்பருவத்தின் கடைசி வரை கபடி; பிறகு கூடைப்பந்து, ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸ், 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ். எங்கள் கபடி ஊரான வடுவூர்க்காரர்களுக்கு இந்தக் கதை புரியும். இப்படி நாடு மாறி அணி மாறி ஆடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சீசன் ஒப்பந்தம். முழங்கால் போனால் விமான டிக்கெட். அமெரிக்காவிலேயே, இந்திய ஆட்டக்காரர் அம்ஜியோத் சிங் ஆடிய, என்பிஏவின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில், 2018-19இன் அடிப்படைச் சம்பளம் ஐந்து மாத சீசனுக்கு 35,000 டாலர்தான். 2025இல் பஹ்ரைனில் கபடித் தங்கம் வென்ற வடுவூர் அபினேஷுக்கு அரசு 25 லட்சம் கொடுத்தது, மனதார வரவேற்கிறோம். பதக்கமே இல்லாமல் பத்து வருஷம் ஆடிப் பிழைப்பவருக்கு எந்த அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது?

முதல் கோரிக்கை வேலையைப் பற்றியது. தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடுகிற பிள்ளையின் கனவு ஐஓபி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, வருமானவரித் துறை. மாநில அரசுப் பணிகளிலும் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அப்படி ஒரு வேலை கிடைத்தால் கூட்டுறவுச் சங்கக் கடன் அடைகிறது, தங்கை கல்யாணம் நடக்கிறது. அதன் பிறகு ஒரு வெளிநாட்டு கிளப் எட்டு மாதத்துக்குக் கூப்பிட்டால், "இருக்கிற வேலையை விட்டுட்டுப் போகாதே" என்று தாயார் சொல்வார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. தப்பு விதியில் இருக்கிறது. கீது அன்னா ஜோஸ் சென்னையில் தெற்கு ரயில்வேயின் ஆட்டக்காரராக இருந்துகொண்டே 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். நல்ல மேலதிகாரி வாய்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இது இருக்கக் கூடாது. வேலைக்காலத்தில் இரண்டு வெளிநாட்டு சீசன்கள் வரை சம்பளமில்லா விடுப்பு, பணிமூப்பு குறையாமல், பணியிடத்தின் மீதான உரிமை (லியன்) நீங்காமல், ஓய்வூதியக் கணக்கு அறுபடாமல் தரப்பட வேண்டும். விண்ணப்பித்த 21 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். கிளப்புகள் காத்திருப்பதில்லை, கோப்பு மேசை மாறுவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விடுவான்.

அடுத்து ஏஜெண்ட். பத்தாம் வகுப்பு தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு எமிகிரேஷன் சோதனை கிடையாது. ஆகவே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் கண்ணில் எங்கள் பிள்ளைகள் படுவதே இல்லை. கட்டாயக் காப்பீடும் அவர்களைத் தொடுவதில்லை. அயலகத் தமிழர் நலத்துறை தஞ்சாவூரில் ஒரு மேசை போட்டு, உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் உரிமம் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலைத் தமிழில் ஒட்ட வேண்டும். வரும் ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மருத்துவச் சோதனையில் தேறாவிட்டால் என்ன, வந்த சில நாளிலேயே பிடிக்கவில்லை என்று கிளப் திருப்பி அனுப்பலாமா, காயம்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, திரும்பும் டிக்கெட் யார் செலவு என்ற கேள்விகள் அங்கே கேட்கப்பட வேண்டும். சம்பள பாக்கி வழக்குகளுக்கென 2007 முதல் ஜெனீவாவைத் தளமாகக் கொண்டு ஒரு கூடைப்பந்து நடுவர் மன்றம் இயங்குகிறது. ஆனால் வழக்கை அங்கே கொண்டுபோக ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருக்க வேண்டும். அந்த ஒரு பத்தி இல்லாமல் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கதவு மூடியதுதான். விதி இருந்தும் வழக்குக் கட்டணம் கட்ட முடியாதவருக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை கடனாகவாவது கொடுக்கட்டும்.

கூட்டமைப்புக்கு இரண்டு கேள்விகள். நாடு விட்டு நாடு மாறி ஆட, கடைசியாகப் பதிவு செய்திருந்த நாட்டின் கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும் என்பது ஃபிபா விதி. 2015இல் இரண்டு தரப்புகள் தனித்தனியே தேர்தல் நடத்தி, இரண்டுமே நாங்கள்தான் கூட்டமைப்பு என்று நின்றதை ஆட்டக்காரர்கள் மறக்கவில்லை. அந்தக் குழப்பம் மீண்டும் வந்தாலும் கடிதம் தடைபடாதபடி, அதற்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பதை வெளிப்படையாக அறிவிப்பீர்களா? இரண்டாவது இன்னும் முக்கியம். ஜப்பானின் பி லீக் 2020இல் ஆசிய ஆட்டக்காரருக்கென அணிக்கு ஓரிடம் திறந்தபோது பட்டியலில் சீனா, தைவான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா இருந்தன. இந்தியா இல்லை. அந்தக் கதவு வழியாகப் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் வரிசையாகப் போனார்கள். அந்த ஒதுக்கீடு இல்லாத நாட்டுக்காரர், அணிக்குச் சில இடங்களே உள்ள வெளிநாட்டவர் பிரிவில் அமெரிக்கரோடு மோத வேண்டும். கொரியாவின் லீக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு 2022இல் இடம் திறந்தது. ஒதுக்கீடு வைத்திருக்கும் ஒவ்வொரு லீக்கையும் இந்தியாவைச் சேர்க்கும்படி ஆண்டுதோறும் கேளுங்கள். வந்த பதிலை வெளியிடுங்கள்.

ஊக்கமருந்து குறித்து ஒரே வரி: சத்னாமுக்கே இரண்டாண்டுத் தடை விழுந்தது, ஆகவே எந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்ற வகுப்பைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா தமிழில் எடுக்க வேண்டும்.

தளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி கோர்ட்டில் பந்து எழும்பாது. தை அறுவடையில் சிமெண்ட் தளம் எங்கே கண்டாலும் நெல் காயும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை திரும்பும் என்பது எங்கள் வீட்டுக் கவலையும்தான், ஆகவே அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஒவ்வொரு வட்டத் தலைமையிடத்திலும் கூரை போட்ட, மரத்தளமிட்ட ஒரு கோர்ட் கேட்கிறோம். பத்து வயதிலிருந்து சிமெண்டில் குதித்த முழங்கால் வெளிநாட்டு மருத்துவச் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்.

2015இல் தொடங்கிய யூபிஏ என்ற உள்நாட்டுக் கூடைப்பந்து லீக் 2017க்குப் பின் நடக்கவில்லை. வெளிநாட்டு சீசன் முடிந்து வருபவருக்கு இங்கே ஊதியத்தோடு ஆட நிலையான ஓர் உள்நாட்டு லீக் வேண்டும். பெண்களுக்கும் அதே ஆண்டில், அதே அரங்கில். கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்த நாடு இது.

முப்பத்து நாலு வயதில் ஆட்டம் நின்றவர் ஊருக்குத் திரும்புவார். வெளிநாட்டில் ஆடிய சீசன்களை விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் நியமனத்தில் தகுதியாகக் கணக்கிடுங்கள். பாட்டியாலாவின் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு அவரை அரசுச் செலவில் அனுப்புங்கள்.

இவற்றில் விடுப்புக் கோரிக்கைக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஓர் ஆணை போதும். அதை இந்த நிதியாண்டு முடிவதற்குள் பிறப்பியுங்கள். மற்றவற்றைப் பேச எங்களை அழையுங்கள், ஆட்டக்காரர்களோடு பெற்றோரும் வருவார்கள்.