தேனுறிஞ்சியும் வெட்சியும்

ஆங்கிலப் பூப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டால் தமிழ் வளம்பெறும் என எண்ணுவோர் உளர். ஹனிசக்கிள் என்னும் பூஞ்செடியைத் ‘தேனுறிஞ்சி’ என வழங்குதல் அன்னோர் நெறி. இது மொழிவளர்ச்சியன்று, பிழையின் இறக்குமதியேயாகும்.

முதலாவதாக, தேனை உறிஞ்சுவது செடியன்று. குழல்வடிவப் பூவின் அடியைக் கிள்ளித் துளித்தேனைச் சுவைப்போர் சிறுவர். நீண்ட உறிஞ்சுகுழலாற் பருகுவது அந்துப்பூச்சி. ‘தேனுறிஞ்சி’ என்றதும் தமிழர் மனத்தில் தேன்சிட்டுத் தோன்றுமேயன்றிப் பூத் தோன்றாது.

இரண்டாவதாக, அவ்வாங்கிலப் பெயரே ஒரு செடியில் நிலைத்து நில்லாதது. முறைப்படி அது லொனிசெராப் பேரினத்துக்குரியது. ஆயின் தென்னாபிரிக்காவிலிருந்து வந்து வேலிகளிற் செம்மஞ்சளாய்ப் பூக்கும் டெக்கோமேரியாவும் ‘கேப் ஹனிசக்கிள்’ எனப்படுகிறது. மருதும் கடுக்காயும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த இரங்கூன் மல்லியும் ‘சீன ஹனிசக்கிள்’ எனப்படுகிறது. மூன்றும் வெவ்வேறு குடும்பத்தன. இவற்றுள் எதனைத் ‘தேனுறிஞ்சி’ என்பது?

இரங்கூன் மல்லியும் மல்லிகையன்றே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் அது மக்கள் வாயிற் பிறந்து வழக்கிற் பழகிய பெயர், எழுதுமேசையில் வார்க்கப்பட்டதன்று.

விஞ்ஞானப் பெயரே போதும், வழக்குப் பெயர் வேண்டா என்பார் கூற்றும் பொருந்தாது. 1753இல் லின்னேயசு நிலைநாட்டிய ‘இக்சோரா’ என்னும் பேரினப் பெயர், ‘ஈசுவரன்’ என்பதன் போர்த்துக்கேயத் திரிபே. விஞ்ஞானமும் மக்கள் சொல்லையே கடன்கொண்டது. அச்செடியே வெட்சி. ஆநிரை கவர்தலாகிய திணைக்குத் தொல்காப்பியத்திற் பெயராய் நின்றதும், இன்றும் சிறுவர் பறித்துத் தேன் சுவைப்பதும் இப்பூவே. தேன் தரும் பூவொன்று தமிழில் இவ்வாறு வாழ்ந்திருக்க, அயற்பெயரின் நிழலைத் தேடுவது ஏன்?

இவ்வினா வரக்காப்பொலைச் சூழலிற் கூர்மை பெறுகிறது. பழுத்த பலாவைச் சிங்களவர் ‘வரக்கா’ என்பர்; தமிழர் வருக்கைப் பலா என்பர். நூலின் துணையின்றியே சொற்கள் ஊர்கடந்து, மொழிகடந்து வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆயின் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களிற் செடிகொடிகளை இனங்கண்டு பெயர் சொல்லும் முதியோர் அருகி வருகின்றனர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கப்பலேறியோருடன் அவர்தம் சொற்களும் கப்பலேறின. எஞ்சியோர் சொற்களையும் எழுதிவைப்பாரிலர்.

ஆகவே இன்றைய தேவை புதுப்பெயர் புனைவோரல்லர்; இருக்கும் பெயரைக் கேட்போரே. விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் லயத்து முதியோர் ஒருவரோடு வேலியோரம் நடந்து, செடியையும் பெயரையும் பயனையும் குறித்துவரின் அதுவே தமிழ்ப்பணி. அதனைச் செய்யாது அகராதியைப் புரட்டித் தமிழை வளர்க்க முனைவது, வாசலிற் பூத்த வெட்சியை மிதித்துக்கொண்டு கடல்கடந்த பூவுக்கு நீர் வார்ப்பதாகும்.