கடல்மேல் படரும் கரிமூட்டம்

குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று தெற்காசியாவின் புகையை இந்தியப் பெருங்கடல் மேல் தள்ளிச் செல்கிறது. விறகடுப்பில் எழுந்ததும் டீசல் வண்டி கக்கியதும் கரை தாண்டியபின் ஒரே பழுப்பு மூட்டமாகின்றன. தமிழ்நாட்டில் பிறந்த வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் வழிநடத்திய இண்டோயெக்ஸ் ஆய்வில், 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மாலத்தீவிலிருந்து கிளம்பிய சி-130 விமானம் அந்த மூட்டத்துக்குள்ளேயே பறந்தது. விமானத்துக்கு வெளியே நீளும் குழாய் காற்றை உள்ளிழுக்கிறது. அதிலுள்ள துகள்கள் வடிதாளில் படியும்போது தாள் கறுக்கிறது. ஒளி அந்தத் தாளில் எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு கரியைக் கணக்கிடுகிறார்கள். மூட்டம் சில இடங்களில் 3 கிலோமீட்டர் உயரம்வரை இருந்தது. கடலுக்கு இறங்க வேண்டிய வெயில் குறைந்தது. கரி அதை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கியது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும் என்பதால், மழையை நம்பும் நாடுகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

2006 மார்ச்சில் ராமநாதன் குழு மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்கள் மூன்றை மூட்டத்தின் மேலும் உள்ளும் கீழும் ஒரே நேரத்தில் பறக்கவிட்டது. கீழ்வளியை வெயில் சூடாக்குவதை மூட்டத்தின் துகள்கள் சுமார் 50 சதவீதம் கூட்டுவது தெரிந்தது. செயற்கைக்கோள் மூட்டத்தின் பரப்பைக் காட்டும். ஆனால் எந்த உயரத்தில் கரி எவ்வளவு என்பதற்கு நேரில் எடுத்த மாதிரிதான் உறுதியான சான்று. இத்தகைய பறத்தல்கள் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்க வேண்டும்; தெற்காசிய அரசுகள் அதற்குச் சேர்ந்து நிதி ஒதுக்க வேண்டும்.