நீங்கள் கேட்டவை: சதகுப்பைக் கீரை சீக்கிரம் பூப்பது ஏன்?

‘சதகுப்பைக் கீரையை நாற்றுவிட்டு நட்டேன். பாதி வாடிவிட்டது. மீதி, கீரை பறிக்கும் முன்பே பூத்துவிட்டது. என்ன செய்வது?’
- ஓசூர் வாசகி

சதகுப்பைக்கு ஆணிவேர். பிடுங்கி நட்டால் வேர் அறுபட்டு வாடும். தப்பிய செடியும் அவசரமாகப் பூக்கும். அதனால், நேரடியாக விதையுங்கள். ஐப்பசி முதல் தை வரை ஏற்ற காலம். சித்திரை வெயிலில் விதைத்தால், பூதான் மிஞ்சும். நாட்டு மருந்துக் கடை விதை பழசாக இருந்தால் முளைக்காது. கொஞ்சத்தை ஈரத்துணியில் கட்டிப் பார்த்துவிட்டு விதையுங்கள். தொட்டிக்கு ஓர் அடி ஆழம் வேண்டும். மணல் கலந்து தூவி, மெல்லிசாக மண் மூடி, பூவாளியால் தண்ணீர் விட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள், கலைத்ததும் குழம்புக்கு ஆகும். மண் காயக் கூடாது. 40 நாளில் பறிக்கலாம். 15 நாளுக்கு ஒரு பாத்தி விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

வாசனை தூக்கலான கீரை இது. தனியாகக் கடைந்தால் வீட்டில் பாதிப்பேர் தொடமாட்டார்கள். வெந்த துவரம் பருப்பில் ஒரு கைப்பிடி அரிந்து போட்டு, ஒரு கொதியில் இறக்கி, பூண்டு தாளியுங்கள். அரிசி மாவில் வெங்காயத்தோடு பிசைந்து ரொட்டியும் தட்டலாம். உங்கள் பக்கம் தெரிந்ததுதானே!

முந்திப் பூத்த செடியில் விதை எடுக்காதீர்கள். கடைசியாகப் பூக்கும் இரண்டு செடிகளை விதைக்கு விடுங்கள்.