மலைவளம் காண்போர் கடன்

கோடை வந்ததும் நீலகிரியை நாடிச் செல்வோர் பலர். மேட்டுப்பாளையத்தில் மலைப்புகைவண்டி ஏறிக் குன்னூர் வழியே உதகையை அடைவர். 1848இல் தோன்றிய தாவரவியல் பூங்காவில் உலவுவர். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று உளம் மகிழ்வர். இம்மகிழ்ச்சி தவறன்று. ஆயினும், தாம் கண்ட மலையின் பயன் யாது என எண்ணுவோர் சிலரே.

மலைச்சரிவில் காணும் புல்வெளி வெறும் புல் அன்று. பள்ளங்களில் செறிந்த சோலை வெறும் மரக்கூட்டமும் அன்று. பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவன அவையே. அந்நீரே மாயாறாகவும் பவானியாகவும் இறங்கிக் காவிரியிற் கலக்கின்றது. வயலை விளைவித்து, ஊரார்க்குக் குடிநீரும் ஆகின்றது. முன்னாளில் தைலமரமும் சீகைமரமும் நட்டுப் பரந்த புல்வெளிகளை மாந்தர் இழந்தனர். இன்று ஓடைகளில் எறியப்படும் ஞெகிழிப் பைகள் மற்றொரு தீங்காயின.

கூட்டம் மிகுந்தமையால், அங்குச் செல்லும் ஊர்திகளுக்கு இணையவழி நுழைவுச்சீட்டு வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் ஆணையிட்டது. 'இன்பப் பயணத்திற்கும் தடையா?' எனச் சிலர் சினந்தனர். பிறர் இல்லம் புகுவோர் வாயிலில் நின்று ஒப்புதல் பெறுதல் இழிவாகுமோ? அது பண்பே அன்றோ!

எனினும், சட்டம் சாலையளவில் நின்றுவிடும். சோலையினுள் காவல் செய்ய வேண்டியது காண்போர் நெஞ்சமே. எடுத்துச் சென்ற பொருளின் எச்சத்தைத் திருப்பிக் கொணர்தலும், ஒரு செடியையும் பறியாது மீள்தலும் அரிய செயல்கள் அல்ல. மலையிற் செய்த பிழை, ஆற்றின் வழியே செய்தவர் ஊருக்கே வந்து சேரும்.