சேவைன்னு சொல்லிட்டா சம்பளம் கேட்கக் கூடாதா?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படிக்கிறவன் கணக்கில் ஆரம்பிக்கலைன்னா எங்க வாத்தியாருங்க கோவிச்சுக்குவாங்க :)

மத்திய அரசின் 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' 2022 முதல் 2027 வரைக்குமானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத 5 கோடிப் பேருக்கு எழுத்தறிவு கொடுப்பது இலக்கு. ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 1037.90 கோடி ரூபாய். இதில் மத்திய அரசு 700 கோடி, மீதி மாநிலங்கள். வகுத்துப் பாருங்க. தலைக்கு 207 ரூபாய் சொச்சம்.

இன்னொரு கணக்கு. அதே மத்திய அரசின் ஆயுஷ் நலவாழ்வு மையங்களில் பகுதிநேர யோகா பயிற்றுநர்கள் இருக்காங்க. ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 வகுப்பு, 8,000 ரூபாய். பெண் பயிற்றுநருக்கு 20 வகுப்பு, 5,000 ரூபாய். இரண்டையும் வகுத்தால் ஒரு வகுப்புக்கு 250 ரூபாய்.

அதாவது, ஒரு மனுஷிக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர அரசு ஒதுக்கின மொத்தப் பணம், ஒரே ஒரு யோகா வகுப்புக்குக் கொடுக்கிற கூலியை விடக் கம்மி. புத்தகம், பயிற்சி, பரீட்சை எல்லாம் அந்த 207-க்குள்ளதான் அடங்கணும். வகுப்பு எடுக்கிறவருக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது. மிஞ்சக் கூடாதுன்னேதான் திட்டம் போட்டிருக்காங்க. 'தன்னார்வலர்கள்' மூலமா நடத்தணும் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை விதி.

யோகா சொல்லித்தர்றவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாசம் 5,000 ரூபாயை வச்சு ஓசூரில் ஒரு ரூம் வாடகை கொடுத்துப் பாருங்க, தெரியும். அவங்களுக்கும் கூட்டித்தான் தரணும். என் கேள்வி வேற. பெரியவங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர்றது வேலைன்னா, அதே பெரியவங்களுக்கு 'அ' எழுதச் சொல்லித்தர்றது மட்டும் எப்படிச் சேவை ஆச்சு?

'அ' மட்டும்னு நினைச்சுக்காதீங்க. அந்தத் திட்டத்தில் ஐந்து பகுதிகள் இருக்கு. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் ஒண்ணு. அடுத்தது வாழ்க்கைத் திறன்கள்: பணம் கையாள்வது, மொபைல் பயன்படுத்துவது, உடல்நலம், குழந்தை பராமரிப்பு, குடும்ப நலம். அப்புறம் தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி. பேங்க் ஆபீசர், நர்ஸ், வாத்தியார், கம்ப்யூட்டர் சென்டர் இவங்க எல்லாரும் பிரிச்சுச் செய்கிற வேலையில் பாதியை, ப்ளஸ் டூ படிச்ச ஒரு கிராமத்துப் பெண் தலையில் வச்சுட்டு, கடைசியில் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்புறோம்.

எங்க மாவட்டத்துக்கு வாங்க. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிஞ்சது கிருஷ்ணகிரி. லாரி, பைக், வாட்ச் எல்லாம் ஓசூரில் செய்றாங்க. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பேர் சொன்னா நாடே தெரிஞ்சுக்கும். அதே மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 71 சதவீதம். தமிழ்நாட்டு சராசரி 80. பெண்களை மட்டும் எடுத்தால் இங்கே சுமார் 64. சிப்காட் கேட்டிலிருந்து பஸ் ஏறி தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போனா, சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்குன்னு பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க. பேங்கில் யாராவது நல்ல மனுஷன் சலான் எழுதித் தருவாரான்னு நிற்கிறவங்களும் இருக்காங்க.

இவங்களுக்கு வகுப்பு எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், புத்தகத்தில் தமிழ். நாற்பது தாண்டினவங்களுக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி இருக்காது. "எனக்கு இது வராது கண்ணு"ன்னு சொல்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியவே மாட்டேங்குது, அவ்வளவுதான் விஷயம். பிப்ரவரி 14-க்கு முன்னாடி ரோஜாப் பண்ணையில் இரவு பகலா வேலை, ஆள் வராது. மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போயிடுவாங்க, ஆள் வராது. பேரன் முன்னாடி பலகையில் தப்பா எழுத வெட்கம், அதனால் ஆள் வராது. ஒவ்வொருத்தரையும் வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வரணும். ஒரு வகுப்புக்கு 200 மணி நேரம். தினம் ரெண்டு மணி நேரம்னாலும் 100 நாள். கூட்டிட்டு வர்ற நேரம் இதில் சேராது.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு அக்கா இப்படி வகுப்பு எடுத்தாங்க. பகலில் பசுமைக்குடிலில் பூப்பறிக்கும் கூலி வேலை, சாயங்காலம் சமையல், அப்புறம் வகுப்பு. சாக்பீஸ் கூட கைக்காசு. மூணாவது மாசம் ஒரு கம்பெனி கேன்டீனில் ஷிஃப்ட் வேலை கிடைச்சுது, போயிட்டாங்க. போகாம என்ன செய்வாங்க? வகுப்பு அதோட நின்னுபோச்சு. மேற்பார்வைக்கு வந்தவர் சொன்னது, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அர்ப்பணிப்பே இல்லை." அவர் வந்தது சம்பளத்தில், பயணப்படி வாங்கிட்டு. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அந்த வகுப்பு சம்பந்தப்பட்ட மேஜை, நாற்காலி, ஃபைல், ஜீப் எல்லாத்துக்கும் காசு போச்சு. வகுப்பு எடுத்தவங்களுக்கு மட்டும் போகலை.

அக்காவை விடுங்க, அவங்க பிழைச்சுக்கிட்டாங்க. அந்த வகுப்பில் 'க' வரிசை வரைக்கும் வந்த பதினெட்டுப் பேர்? அவங்க மறுபடியும் கைநாட்டுதான். பாதியில் விட்ட எழுத்து நிக்காது. "நான்தான் அப்பவே சொன்னேனே, எனக்கு வராதுன்னு" என்கிற நினைப்பு மட்டும் நின்னுடும். அடுத்த தடவை எந்தத் திட்டம் வந்தாலும் அவங்களை உட்கார வைக்க முடியாது. இலவச உழைப்பின் நஷ்டக் கணக்கை எழுதினால் பெரிய தொகை அவங்க பேரில்தான் விழும்.

இனி வழக்கமா வர்ற பதில்களைப் பார்ப்போம்.

"அறிவொளி இயக்கம் தன்னார்வலர்களால்தானே நடந்தது?" ஆமா. அது பெரிய சாதனை, மறுக்கலை. 1990-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அடுத்து 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. ஆனால் அது ஒரு எழுச்சி. மொத்த மாவட்ட நிர்வாகமும் பின்னால் நின்னுச்சு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அந்த வேலைக்காகவே விடுவிக்கப்பட்டாங்க, அதாவது சம்பளத்தோட. திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து தேர் இழுக்கும். அதுக்காக தினமும் ஊர்க் குப்பையை சும்மா அள்ளுங்கன்னு ஊர்க்காரங்களைக் கேட்க முடியுமா? தொடர்ந்து நடக்க வேண்டிய வேலைக்குத் தொடர்ந்து கூலி வேணும்.

இது அரசுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1978-ல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கினப்போ வகுப்பு எடுத்தவருக்கு மாதம் 50 ரூபாய் இருந்தது. 2009-ல் வந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் பாடம் நடத்துகிறவருக்கு இல்லாவிட்டாலும், மையத்தை நடத்தின பிரேரக்குக்கு மாதம் 2,000 ரூபாயாவது இருந்தது. 2018 மார்ச்சில் அந்தத் திட்டமும் முடிஞ்சுது. இப்போ அதுவும் இல்லை, 1978-இன் 50 ரூபாயும் இல்லை.

தமிழ்நாட்டு அரசையும் விட முடியாது. 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் குழந்தைகளுக்குச் சொல்லித்தந்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தாங்க. குறைவுதான், ஆனா ஏதோ இருந்தது. அதே தெருவில், அதே நேரத்தில், அந்தக் குழந்தையின் பாட்டிக்குச் சொல்லித்தந்தா பூஜ்யம். பாட்டி நூறு நாள் வேலைக்குப் போனப்போ 2024-25-ல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். மண் வெட்டினா கூலி உண்டு, எழுத்து சொல்லித்தந்தா கிடையாது. இதுக்கு என்ன நியாயம்?

"காசு வந்தா சேவை மனப்பான்மை போயிடும்." டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், மனப்பான்மை போயிடுச்சுன்னு யாரும் ஆஸ்பத்திரியை மூடலை. கலெக்டர் சம்பளம் வாங்கிட்டுத்தான் மக்கள் சேவை செய்றார். சேவை மனப்பான்மை எப்பவும் வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, சாயங்கால வகுப்பு மாதிரி பெண்கள் செய்கிற வேலையில்தான் தேடப்படுது. அது தற்செயல்னு நான் நம்பலை.

"காசு கொடுத்தா பொய்க் கணக்கு வரும்." இப்போ மட்டும் வராதா? இலக்கு வச்சு விரட்டினா காசே இல்லாமலும் பொய்க் கணக்கு வரும். உண்மையில் காசு கொடுத்தால்தான் வவுச்சர் இருக்கும், வவுச்சர் இருந்தால்தான் தணிக்கை செய்ய முடியும். சும்மா வேலை செய்கிறவரிடம் "ஏன் நேத்து வகுப்பு நடக்கலை"ன்னு கேட்க யாருக்கு உரிமை இருக்கு?

"கல்லூரி மாணவர்களை அனுப்பலாமே?" நாங்க வர்றோம். ஆனா செமஸ்டர் வந்தா நாங்களும் காணாமப் போயிடுவோம். மூணு மாசத்துக்கு ஒரு புது முகம் வந்து மறுபடி 'அ'-விலிருந்து ஆரம்பிச்சா கத்துக்கிறவங்க கதி என்ன? எங்களை உதவிக்கு வச்சுக்கலாம், பொறுப்பில் வைக்கக் கூடாது.

"பணம் எங்கே?" நல்ல கேள்வி. யோகாவுக்குக் கொடுக்கிற அதே 250 ரூபாயை வைங்க. 200 மணி நேரத்துக்கு 50,000 ரூபாய். வகுப்பில் 20 பேர்னா தலைக்கு 2,500. மாவட்டத்தில் 100 வகுப்பு நடத்தினா ஆசிரியர் கூலி 50 லட்சம், 2,000 பேர் எழுதப் படிக்கக் கத்துக்குவாங்க. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடணும்னு சொல்லுது. தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லுது. கல்வி அந்தப் பட்டியலில் இருக்கு. இத்தனை ஃபேக்டரி இருக்கிற ஓசூரில், சுவருக்குப் பெயின்ட் அடிச்சு லோகோ போடுகிற காசில் கொஞ்சம் ஒரு ஆசிரியையின் மணிக்கூலிக்குப் போனால் என்ன குறைஞ்சிடும்? கூலியில் லோகோ ஒட்ட முடியாது, அதுதான் பிரச்சினையோ என்னவோ.

ஆனா கம்பெனிக்காரங்க தர்ற வரைக்கும் அரசு கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கலாம்னு அர்த்தம் இல்லை. இது அரசின் வேலை. திட்டத்தின் விதியில் 'தன்னார்வலர்' என்கிற வார்த்தையை எடுத்துட்டு 'பகுதிநேர ஆசிரியர்'னு போடணும். மணிக்கு 250, மாசம் முடிஞ்சதும் வங்கிக் கணக்கில். சாக்பீஸுக்கும் கண்ணாடிக்கும் தனித் தொகை.

சும்மா சொல்லித்தர விரும்புகிறவங்க அப்பவும் சொல்லித்தரலாம், யாரும் தடுக்கப் போறதில்லை. ஆனா சும்மா செய்யறது அவங்களா எடுக்கிற முடிவா இருக்கணும். அரசாங்கம் பட்ஜெட்டில் அதை எழுதி வச்சுக்கக் கூடாது.