463 படிகளுக்கு லிஃப்ட் வேண்டாம்

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சுற்றுலா செல்கிறவர்கள், அங்குள்ள சான்டா மரியா டெல் பியோரே பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறலாமா என்று யோசிக்கும்போது முதலில் கேட்பது, மேலே போனால் என்ன தெரியும் என்பதைத்தான். செந்நிற ஓட்டுக் கூரைகள், ஆர்னோ ஆறு, ஊரைச் சுற்றிய குன்றுகள் எல்லாம் தெரியும் என்று பதில் வருகிறது. அதற்கு 463 படிகள் ஏற வேண்டும். லிஃப்ட் கிடையாது. நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்தாக வேண்டும். இவ்வளவு பாடும் ஒரு காட்சிக்காகத்தான் என்றால், பலருக்கு அது கட்டுப்படியாகாது என்று தோன்றுவதில் வியப்பில்லை. காட்சி மட்டும் போதும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஜோட்டோவின் மணிக்கூண்டு இருக்கிறது. 414 படிகள் ஏறினால் ஊரோடு சேர்த்து அந்தக் குவிமாடத்தையும் எதிரே முழு உருவில் பார்த்துவிடலாம். குவிமாடத்தில் ஏறுவதன் பயன் வேறு. அங்கே பார்க்க வேண்டியது அந்தப் படிக்கட்டு செல்லும் வழியைத்தான். உச்சி அதன் முடிவு, அவ்வளவே. இதை ஏற்றுக்கொண்டால், அங்கே லிஃப்ட் வேண்டாம் என்பதும், ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைப்பது சரி என்பதும் தாமாகவே விளங்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வழியின் அருமை புரிய, குவிமாடம் எழுந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேராலயத்தின் வேலை 1296இல், அர்னோல்போ டி காம்பியோவின் பொறுப்பில் தொடங்கியது. 1367இல் ஊரார் ஒரு மாதிரி வடிவத்தை ஒப்புக்கொண்டார்கள். எட்டு முகங்கள் கொண்ட, உட்புறம் சுமார் 45 மீட்டர் அகலமான ஒரு கூரை. அதைத் தாங்கிப் பிடிக்க வெளியே முட்டுச் சுவர்கள் கூடாது. ஒப்புதல் கிடைத்துவிட்டதே தவிர, அதை எப்படிக் கட்டுவது என்பது எவருக்கும் தெரியாது. கூரை தொடங்கும் இடமே தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேலே. வளைவு எதையும் கட்ட வேண்டுமென்றால் முதலில் அடியில் மரத்தால் சென்டரிங் போட வேண்டும். சாந்து இறுகிய பிறகுதான் அதைப் பிரிக்க முடியும். இவ்வளவு உயரத்தில், இவ்வளவு அகலத்துக்கு சென்டரிங் போட மரத்துக்கு எங்கே போவது? போட்டாலும் அது தன் எடையையே தாங்கி நிற்குமா? அரை நூற்றாண்டுக் காலம் அந்தத் திறப்பு வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. 1418இல் போட்டி அறிவித்தார்கள். தரையிலிருந்து சென்டரிங்கே இல்லாமல் கட்டிவிடலாம் என்று சொன்ன பிலிப்போ புருனெலெஸ்கி கட்டடக் கலைஞராகப் பழகியவர் அல்லர், பொற்கொல்லர். 1420இல் தொடங்கிய வேலை 1436இல் உச்சி வளையம்வரை முடிந்தது.

அவர் செய்ததை ஒருவர் விளக்கிச் சொன்னால் தலை ஆடும். மனத்தில் முழுதாக உட்காராது. வட்டமான குவிமாடம் என்றால், ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் முழு வளையமாக மூடிக்கொண்டவுடன் ஒன்றையொன்று நெருக்கி நின்றுவிடும். எட்டு முகக் கூரையில் அந்த வசதி இல்லை. தட்டையான பக்கங்கள் உள்நோக்கிச் சரியும். புருனெலெஸ்கி ஒரு கூரைக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளை எழுப்பினார். உள் ஓடு அடியில் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமன். வெளி ஓடு ஒரு மீட்டருக்கும் குறைவு. உள்ளதற்கு ஈரம் படாமல் காப்பதும், ஊருக்குக் கம்பீரமாகத் தோற்றம் தருவதும் வெளி ஓட்டின் வேலை என்று 1420ஆம் ஆண்டின் கட்டுமானக் குறிப்பே சொல்கிறது. மூலைக்கு ஒன்றாக எட்டு, இடையே பதினாறு, ஆக 24 விலா எலும்புகள் இரண்டையும் பிணைக்கின்றன. இரும்பால் இணைத்த மணற்கல் வளையங்களும், ஒரு மர வளையமும் பீப்பாயின் பட்டைபோலச் சுற்றி இறுக்குகின்றன. படுக்கையாக அடுக்கிய செங்கற்களுக்கு இடையே அங்கங்கே ஒரு செங்கல்லை நிமிர்த்தி நட்டு, அந்த நட்ட செங்கற்கள் வரிசைக்கு வரிசை சாய்ந்து ஏறும்படி மீன்முள் அமைப்பில் கட்டினார். சாந்து இறுகும்வரை புது வரிசை வழுக்கி விழாமல் பிடித்துக்கொண்டது அந்த நட்ட செங்கல்தான்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். அது சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னால் சேர்த்ததன்று. கொத்தனார்களும் சிற்றாள்களும் ஏறி இறங்குவதற்கும், பிற்காலத்தில் பராமரிப்பவர்கள் போய்வருவதற்கும் கட்டடத்தோடு சேர்ந்தே வளர்ந்த வழி. முதலில் பெரும் தூண் ஒன்றின் உள்ளே சுழன்று ஏறுகிறது. பிறகு இரண்டு ஓடுகளுக்கும் இடையே நுழைகிறது. அங்கிருந்து ஏறுகிறவர் குவிமாடத்தின் சுவருக்குள்ளேயே நடக்கிறார். ஒரு பக்கம் உள் ஓட்டின் முதுகு. மறு பக்கம் வெளி ஓட்டின் உட்புறம் தலைக்கு மேலே சாய்ந்துகொண்டே வருகிறது. விலா எலும்புகளில் விட்டிருக்கும் வாசல்களைத் தாண்டும்போது ஒவ்வொன்றின் கனமும் தெரிகிறது. சில இடங்களில் மீன்முள் வரிசைச் செங்கற்கள் பூச்சு இல்லாமல் கண்ணெதிரே நிற்கின்றன. மர வளையமும் ஓரிடத்தில் வெளியே தெரிகிறது. மேலே போகப்போக வளைவு உடலை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. கடைசிக் கட்டத்தில் உள் ஓட்டின் முதுகின் மேலேயே நேராகப் படிகள் ஏறுகின்றன. தடிமன், சரிவு, வளைவு என்று மேலே சொன்ன சொற்களெல்லாம் அந்த ஒடுங்கிய வழியில் தோளிலும் முழங்காலிலும் பதிகின்றன. கட்டடக் கலை வரலாற்றில் இவ்வளவு பெரிய விடை தன் உள்ளமைப்பை இப்படித் திறந்து காட்டும் இடங்கள் மிகக் குறைவு.

அந்த வழியைப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. புருனெலெஸ்கி வரைபடங்களையோ விளக்கக் குறிப்புகளையோ விட்டுச் செல்லவில்லை. தன் உத்தியைப் பிறர் எடுத்துக்கொள்வார்கள் என்ற எச்சரிக்கை அவரிடம் மிகுதி. ஆகவே அந்த மீன்முள் வரிசையின் வளைவை எட்டு முகங்களிலும் ஒரே சீராக எப்படிக் கொண்டுவந்தார், எந்தக் கயிற்றை எங்கே கட்டி அளந்தார் என்பதெல்லாம் இன்றும் அறிஞர்களுக்குள் வாதமாகவே நடக்கிறது. கட்டடக் கலைஞர் மாசிமோ ரிச்சி, தன் விளக்கம் சரிதானா என்று பார்க்க, புளோரன்ஸ் பூங்கா ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரிக் குவிமாடத்தையே செங்கல் செங்கல்லாகக் கட்டத் தொடங்கினார். எழுதிய மூலம் இல்லாத நிலையில் கட்டடமே மூலம். அதைப் படிக்கும் வழி இந்தப் படிக்கட்டு. அதைக் காட்சிக் கோபுரத்துக்குப் போகும் சிரமமாக மட்டும் விளம்பரப்படுத்துவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நடுவழியில் வரும் ஓர் இடத்தையும் பலர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். படிக்கட்டு, குவிமாடத்தின் அடியில் உட்புறமாக ஓடும் ஒடுங்கிய நடைபாதைக்கு வெளிவரும். ஜியோர்ஜியோ வசாரி 1572இல் தொடங்கி, அவர் இறந்தபின் பெதெரிகோ சுக்காரி 1579இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியம் அங்கே தலைக்கு மேலே விரிகிறது. சுமார் 3,600 சதுர மீட்டர். தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகத் தீட்டியது அது. நரகக் காட்சிகள் கீழ் வரிசையில் இருப்பதால் நடைபாதையில் நிற்பவருக்கு அவை மிக அருகில். அவ்வளவு நெருக்கத்தில் உருவங்கள் பூதாகரமாகின்றன. தூரிகை இழுப்பின் முரடும், தொலைவை எண்ணி ஓவியர்கள் செய்த மிகைகளும் வெளிப்படுகின்றன. இரண்டு ஓவியர்களின் கை வேறுபடுவதும் தெரிகிறது. ஓவியமாக இது மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்புக்குப் பக்கத்தில் நிற்காது என்பதே என் கணிப்பு. ஆனால் ஒரு பெரும் பரப்பை ஓவியர்கள் எப்படிக் கணக்கிட்டு வேலை செய்தார்கள் என்பதை இந்த நடைபாதையைப் போல நன்றாகக் கற்றுத்தரும் இடம் அரிது.

இதற்கெல்லாம் எதிராக வரும் கேள்விகளில் கனமானது, ஏற முடியாதவர்களைப் பற்றியது. முதியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், இடுக்கான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த வழி மூடியே கிடக்கிறது. இது உண்மையான இழப்பு. கால் வலுவுள்ளவர்கள் மட்டுமே பெறும் அறிவு என்று ஒன்று இருப்பதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் லிஃப்ட் அந்த இழப்பை ஈடுசெய்யுமா? ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் அனுபவம் நமக்கு முன்னால் இருக்கிறது. அங்கே மொத்தம் 551 படிகள். லிஃப்ட் உண்டு. ஆனால் அது கூரைத் தளத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் 320 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும். குவிமாடத்தின் ஓடு வளைந்து சாய்கிறது. நேர்க்குத்தாக ஒரு கூண்டு மேலும் கீழும் ஓட அதற்குள் இடமில்லை. புளோரன்ஸில் அதைச் செய்ய வேண்டுமானால் விலா எலும்புகளையும் வளையங்களையும் வெட்ட வேண்டும். பார்க்கப் போகிற பொருளையே அழித்துவிட்டுப் பார்வைக்கு வழி செய்ததாகும். ஏற முடியாதவர்களுக்குச் செய்ய வேண்டியதை வேறு இடத்தில், இன்னும் தாராளமாகச் செய்யலாம். பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் குவிமாடத்தின் பழைய மர மாதிரிகளும் கட்டுமானக் கருவிகளும் இருக்கின்றன. இரண்டு ஓடுகளின் ஒரு பகுதியை உண்மை அளவில் செங்கல்லால் அங்கேயே கட்டி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வழிவிட்டு வைக்கலாம். பூங்காவில் ஐந்தில் ஒரு பங்கு கட்ட முடிந்த ஊருக்கு இது பெரிய காரியமன்று.

கூட்டம் ஏறினால் கட்டடம் தேயாதா என்பது அடுத்தது. குவிமாடத்தில் விரிசல்கள் இருப்பது உண்மை. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அவை பேசப்படுகின்றன. 1695இல் ஒரு குழு ஆராய்ந்து இரும்புச் சங்கிலிகள் பூட்டச் சொன்னது. கடைசியில் அது நடக்கவில்லை. ரோமில் புனித பேதுருவின் குவிமாடம் விரிசல் கண்டபோது, கணித அறிஞர் ஜியோவான்னி பொலேனியின் ஆய்வுக்குப் பிறகு 1740களில் இரும்பு வளையங்களை உண்மையாகவே பூட்டினார்கள். புளோரன்ஸ் விரிசல்களை 1980களின் இறுதியிலிருந்து தானியங்கிக் கருவிகள் அளந்து வருகின்றன. குவிமாடம் தன் எடையால் அடியில் வெளிப்புறமாக விரிய முனைவது அவற்றுக்கு அடிப்படைக் காரணம். குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப அவை கூடிக் குறைகின்றன. சுமார் 37,000 டன் என்று மதிப்பிடப்படும் ஒரு பொருளுக்கு ஏறுகிறவர்களின் எடை ஒரு பொருட்டே அல்ல. மனிதர்கள் செய்யும் கேடு வேறு வகை: மூச்சின் ஈரம், சுவரில் உரசும் பைகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர் கிறுக்கும் கைகள். ஆறு நூற்றாண்டுச் செங்கல்லில் பேனாவால் காதலியின் பெயரை எழுதுகிறவர், அந்தக் கட்டடத்தின் ஒரே மூலப் பிரதியில் கிறுக்குகிறார். இதற்கு மருந்து எண்ணிக்கை வரம்பும், வழி நெடுகக் கண்காணிப்பும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள், லிஃப்டும் திறந்த நுழைவும் வந்தால் அந்த ஒடுங்கிய வழியில் ஒரு நிமிடம் நின்று ஒரு செங்கல்லைப் பார்க்கவும் முடியாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழிபாட்டுக்கான இடத்தின் தலைமேல் பயணிகளை நடக்கவிட்டுக் காசு வாங்கலாமா என்று பக்தர்கள் சிலர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்; ஜெபிக்க வருகிறவரிடம் எவரும் காசு கேட்பதில்லை, குவிமாடம் ஏறுவதற்கு மட்டுமே டிக்கெட். தவிர, அந்தக் கூரை தொடக்கத்திலிருந்தே ஊரின் பொதுக் காரியமாகவும் இருந்தது. 1331 முதல் கட்டுமானப் பொறுப்பைச் சுமந்தது கம்பளி வணிகர் சங்கம்; மாதிரியை ஒப்புக்கொண்டவர்கள் குடிமக்கள். 1475 வாக்கில் பாவ்லோ டொஸ்கனெல்லி என்ற வானியல் அறிஞர், உச்சிக் கூண்டின் அடியில் துளையிட்ட ஒரு தகட்டைப் பொருத்தி, கோடையில் அதன் வழியே தரையில் விழும் சூரிய ஒளியைக் கொண்டு கதிரவனின் போக்கை அளந்தார். ஜெபமும் அறிவும் ஒரே கூரையின் கீழ் அங்கே இடைஞ்சலின்றி இருந்திருக்கின்றன. திருப்பலி நேரத்தில் அமைதி காக்கச் சொல்வதும், உடைக்கு விதி வைப்பதும் முழுக்கச் சரி. ஏறுவதையே நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

அங்கே செல்லத் திட்டமிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வரிசையை. குவிமாடம், மணிக்கூண்டு, திருமுழுக்கு மண்டபம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள் செல்லும் ஒரே டிக்கெட் இருக்கிறது. பெரும்பாலோர் வந்த கையோடு குவிமாடத்தில் ஏறி, களைத்து, அருங்காட்சியகத்தை விட்டுவிடுகிறார்கள். அதை முதல் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மர மாதிரிகளையும் கருவிகளையும் பார்த்துவிட்டு, மணிக்கூண்டின் மேலிருந்து குவிமாடத்தின் முகங்களைப் பாருங்கள். மறுநாள் காலை முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து, மெதுவாக, செங்கற்களைப் பார்த்தபடி ஏறுங்கள்.